வாக்குத்தத்தமும் 470 சேவகரும்



கல்லூரி திறக்கிற மாதம் வந்தாலே காணிக்கைப் பெட்டியில் ஜெபக்குறிப்புச் சீட்டுகள் நிறைந்துவிடும். "மகளுக்கு மெட்ராஸில் சீட் கிடைச்சிருக்குதுங்க, ஹாஸ்டல்ல சேர்க்கிறோம், ஜெபிச்சுக்குங்க பாஸ்டரய்யா." "பையனைக் கோயமுத்தூர்ல விட்டுட்டு வந்தோம், நெஞ்சு அடிச்சுக்குது." சேகோ பாக்டரியில் மாவு காய வைத்த கைகளும், விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்த்த கண்களும், லாரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைகளும் எழுதின சீட்டுகள் அவை. தாத்தா கைநாட்டு வைத்தவர், பேத்தி இன்ஜினியரிங். இந்த நன்மையைச் செய்த கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்!

ஆனால் அந்தச் சீட்டைக் கொடுக்கும்போது சிலர் சொல்லுகிற ஒரு வார்த்தை இருக்கிறது. "எல்லாம் தேவன் பார்த்துக்குவாருங்க. நாம என்ன செய்ய முடியும்?" முதல் பாதி சத்தியம், அதற்கு ஆமென். இரண்டாம் பாதியைப் பற்றித்தான் இந்த மாதம் பேசும்படி ஆவியானவர் என்னை ஏவினார்.

அப்போஸ்தலருடைய நடபடிகள் 23-ம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். பவுல் எருசலேம் கோட்டையிலே காவலில் இருக்கிறார். 11-ம் வசனத்தில் ராத்திரியிலே கர்த்தர்தாமே அவர் பக்கத்தில் வந்து நின்று, நீ ரோமாபுரியிலும் எனக்குச் சாட்சி கொடுக்கவேண்டும் என்கிறார். அப்படியானால் எருசலேமில் அவருக்குச் சாவு இல்லை. இதைவிடப் பெரிய வாக்குத்தத்தம் யாருக்குக் கிடைத்தது? பொழுது விடிகிறது. நாற்பதுக்கும் அதிகமானபேர், பவுலைக் கொல்லும்வரை சோறு தண்ணீர் தொடமாட்டோம் என்று சபதம் போடுகிறார்கள். பவுலின் சகோதரி மகன் ஒரு வாலிபன், அந்தச் சதியைக் கேள்விப்பட்டுக் கோட்டைக்குள் வந்து மாமனிடத்தில் சொல்லுகிறான்.

பவுல் என்ன செய்தார்? "தம்பி, பயப்படாதே. கர்த்தர் நேற்று ராத்திரிதான் என்னோடே பேசினார், நீ வீட்டுக்குப் போ" என்று சொன்னாரா? இல்லை. உடனே நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு, இந்த வாலிபனைச் சேனாபதியிடத்தில் கூட்டிக்கொண்டுபோ என்றார். சேனாபதியும் தாமதிக்கவில்லை. 200 சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர், ஆக 470 பேரை அன்று இரவு 9 மணிக்கே ஆயத்தம்பண்ணி, பவுலைச் செசரியாவுக்கு அனுப்பிவிட்டான். வாக்குத்தத்தம் பெற்ற மனிதனுக்கு 470 பேர் காவல்! அந்தக் காவல் அவிசுவாசம் அல்ல. கர்த்தர் தம்முடைய வார்த்தையை நிறைவேற்றின வழியே அதுதான்.

நம்முடைய லாரி ஓட்டுகிற சகோதரர்களைக் கேளுங்கள். ஜெபம் பண்ணாமல் வண்டியை எடுக்கமாட்டார்கள். ஆனால் ஜெபம் பண்ணிவிட்டுத் தார்ப்பாயைக் கட்டாமல் போவார்களா? இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்க்காமல் தொப்பூர் கணவாயில் இறங்குவார்களா? கோழிப்பண்ணை வைத்திருக்கிற விசுவாசி தடுப்பூசி போடாமல் விட்டதுண்டா? வீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22:8-ல் சட்டம் கொடுத்தவர் நம்முடைய தேவன்தானே! கோழிக்கும் லோடுக்கும் இவ்வளவு யோசிக்கிற நாம், பெற்ற பிள்ளையை ஒரு பெட்டியும் தலையணையுமாய் விடுதி வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்காமல் திரும்பிவிடுகிறோம்.

இதை நான் சும்மா பயமுறுத்துவதற்கு எழுதவில்லை. 2024 டிசம்பர் 23-ம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகக் கிண்டி வளாகத்துக்குள், இருட்டின வேளையிலே, ஒரு மாணவி பாலியல் கொடுமைக்கு ஆளானாள். செய்தவன் அங்கே படித்தவனும் அல்ல, பாடம் நடத்தினவனும் அல்ல. அந்தப் பக்கத்து நடைபாதையில் பிரியாணிக் கடை போட்டிருந்தவன். பெரிய மதில்சுவர், வாசலிலே காவலாளி, எல்லாம் இருந்தது. அவன் அவளை மடக்கினது கத்தியால் அல்ல. செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறேன், காட்டிவிடுவேன் என்றான். அதுதான் அவன் ஆயுதம். அவள் வெட்கத்தின்மேல் அவன் நம்பிக்கை வைத்தான். இது வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தின்மேல் நம்பிக்கை வைத்தான்.

ஆனால் அந்தப் பிள்ளை மறுநாளே புகார் கொடுத்தாள். டிசம்பர் 25-ம் தேதி அவன் கைதானான். 2025 மே 28-ல் சென்னை மகளிர் நீதிமன்றம் அவன்மேல் சுமத்தப்பட்ட 11 குற்றச்சாட்டுகளிலும் அவனைக் குற்றவாளி என்று தீர்த்தது. ஜூன் 2-ம் தேதி ஆயுள் தண்டனை, 30 வருஷம் எந்தச் சலுகையும் இல்லாமல் உள்ளே இருக்கவேண்டும் என்று உத்தரவு. புகார் கொடுத்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு! ஒரு பெண்பிள்ளை வாயைத் திறந்ததினால் வந்தது இது.

இதிலே இன்னொரு வேதனையும் உண்டு. அவளுடைய விவரங்கள் அடங்கின முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, கைக்குக் கை போய்விட்டது. டிசம்பர் 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவிடம் விசாரணையை ஒப்படைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கவும், கட்டணம் வாங்காமல் அவள் படிப்பைத் தொடரவும் உத்தரவிட்டது. இப்போது மறுபடியும் அப்போஸ்தலர் 23:19-ஐப் பாருங்கள். அந்த ரோமச் சேனாபதி புறஜாதியான். அவன் வாலிபனின் கையைப் பிடித்து, தனியே ஒரு பக்கமாய் அழைத்துப்போய், நீ என்னிடத்தில் சொல்லவேண்டிய காரியம் என்ன என்று விசாரிக்கிறான். 22-ம் வசனத்தில், இதை என்னிடம் சொன்னதாக ஒருவரிடமும் சொல்லாதே என்று கட்டளையிட்டு அனுப்புகிறான். கையைப் பிடித்தான், தனியே கேட்டான், இரகசியம் காத்தான், அன்று இரவே காரியம் செய்தான். நம்முடைய விசுவாச வீடுகளில் இப்படிக் கேட்கிற தகப்பன்மார் எத்தனை பேர்?

அந்தச் செய்தி வந்த வாரம் சபை முடிந்து வெளியே நின்றவர்கள் பேசினது என் காதில் விழுந்தது. "அந்நேரத்துல அந்தப் புள்ளைக்கு அங்கென்ன வேலை? பையனோட என்ன பேச்சு?" என் உள்ளம் கொதித்தது. உபாகமம் 22:25 முதல் 27 வரை வாசியுங்கள். வெளியிலே தனியாயிருந்த பெண்ணை ஒருவன் பலாத்காரம் செய்தால், அந்தப் பெண்ணின்மேல் ஒரு பாவமும் இல்லை, அது கொலைக்குச் சமானம், அவள் கூப்பிட்டாள், இரட்சிக்க ஆள் இல்லை என்று நியாயப்பிரமாணம் பேசுகிறது. கர்த்தர் சுமத்தாத குற்றத்தை நீங்கள் ஏன் சுமத்துகிறீர்கள்? பிள்ளைகளின் பழக்கவழக்கத்தைக் கண்டித்துப் பேச வேறு நாள் இருக்கிறது.

அப்படிப் பேசுகிற வீட்டில் பிள்ளை வாயைத் திறக்குமா? திறக்காது. "சொன்னா படிப்பை நிறுத்திருவாங்க, மாப்பிள்ளை பார்த்திருவாங்க" என்று விழுங்கிக்கொள்ளும். 2 சாமுவேல் 13-ல் தாமார் அப்படித்தான் ஆனாள். அந்நியன் அல்ல, அண்ணன் முறையானவன் வியாதிக்காரன்போல் நடித்தான். அவளை அவன் வீட்டுக்கு அனுப்பினதே தகப்பன்தான். பிறகு அப்சலோம், அவன் உன் சகோதரன், பேசாமல் இரு என்று அவள் வாயை அடைத்தான். தாவீது கேள்விப்பட்டு மிகவும் கோபப்பட்டான், அவ்வளவுதான். கோபத்தோடு நின்றுபோனான். இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டில் கொலை விழுந்தது. கோலியாத்தை வீழ்த்தினவன் தன் மகளுக்காக ஒரு விசாரணை வைக்கவில்லையே!

பெற்றோரே, பிள்ளையை அனுப்புமுன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். "கண்ணு, என்ன நடந்தாலும் முதல்ல எங்களுக்குச் சொல்லு. உன்னைத் திட்டமாட்டோம், படிப்பை நிறுத்தமாட்டோம்." இந்த வார்த்தையைத் தகப்பன் சொல்லவேண்டும். அம்மா சொன்னால் போதாது. மிரட்டுகிறவன் சாதாரணமாய் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் மிரட்டுவான்.

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கும் சில வார்த்தை. அறைக்குள் படுத்தாலும் தாழ்ப்பாள் போடுங்கள், சாவியை இரவல் கொடுக்காதிருங்கள். லைப்ரரியிலிருந்து இருட்டினபின் வரும்போது குறுக்குவழி வேண்டாம், விளக்கு எரிகிற பாதையில் கூட்டாய் வாருங்கள். கருப்பூர் பக்கம் பெரியார் பல்கலைக்கழகம், அரசு பொறியியல் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், நெடுஞ்சாலை ஓரத்தில் பஸ் இறங்கினால் எவ்வளவு சீக்கிரம் இருட்டுகிறதென்று. ஊருக்கு வருகிற இரவில் சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்னமே சொல்லுங்கள், ஒருவர் வந்து நிற்கட்டும். "நான் ஸ்டாஃப், நான் போலீஸ், வா விசாரிக்கணும்" என்று எவனாவது ஒதுக்குப்புறத்துக்குக் கூப்பிட்டால் ஒரு அடியும் போகாதிருங்கள். "கேட் செக்யூரிட்டிகிட்ட வந்து கேளுங்க" என்று சத்தமாய்ச் சொல்லி வெளிச்சத்துக்கு நடங்கள். வீட்டு நம்பரை மனப்பாடம் பண்ணுங்கள். போனைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? சபையிலே, கூட்டத்திலே பழகினவர் என்பதற்காகவும் தனி அறைக்குப் போகாதிருங்கள். ஊழியக்காரனாகிய என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் நமக்கென்ன என்றிருக்க வேண்டாம். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவன் நாவரசு ஒரு சீனியர் மாணவனால் கொடூரமாய்க் கொல்லப்பட்டான். அவனுடைய தகப்பனார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்தவர், அந்த வீட்டுப் பிள்ளைக்கே தப்ப வழியில்லை. அதற்குப் பின்புதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. கொலைசெய்தவனின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய 2011 ஆயிற்று. இப்போது ராகிங்குக்கென்றே 1800-180-5522 என்ற நம்பர் இருக்கிறது. நம்முடைய மகன் ராகிங் செய்கிற கூட்டத்தில் நிற்கிறானா என்பதையும் விசாரியுங்கள், அதுவும் காவல்தான்.

ஏதாவது நடந்துவிட்டால்? 112-க்குப் போன் பண்ணுங்கள். பெண்களுக்கு 181. வீடியோ, போட்டோ என்று மிரட்டினால் பணம் கொடுக்காதிருங்கள், வந்த மெசேஜை அழிக்காதிருங்கள், 1930-க்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் 2013-ம் வருஷத்துச் சட்டப்படி உள்ளகப் புகார் குழு இருக்கவேண்டும், அதில் யார் இருக்கிறார்கள் என்று சேர்க்கிற அன்றைக்கே கேளுங்கள். சென்னையில் நடந்ததற்கு நாமக்கல் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று தள்ளச் சட்டத்தில் இடமில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம். சபை ஜெபக்குறிப்பிலும் பெயர் சொல்லவேண்டாம். "ஒரு சகோதரிக்காக" என்றால் போதும், கர்த்தர் பெயரை அறிவார்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து, இந்த வருஷம் விடுதிக்குப் போகிற பிள்ளைகள் தாய் தகப்பனோடே முன்னால் வாருங்கள், கைகளை வைத்து ஜெபிப்போம். வரும்போது ஒரு சின்ன அட்டையில் அப்பா நம்பர், அம்மா நம்பர், வார்டன் நம்பர், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் பிள்ளையிடம் போய்ச் சேரக்கூடிய ஒரு உறவினர் அல்லது விசுவாசியின் நம்பர், இவைகளை எழுதிக்கொண்டு வாருங்கள். அப்படி ஆள் இல்லாதவர்கள் சனிக்கிழமை உபவாச ஜெபத்திலேயே என்னிடம் சொல்லுங்கள், அந்த ஊர்ச் சபை ஊழியக்காரரிடம் பேசி ஏற்பாடு செய்வோம். அட்டை பிள்ளையின் பெட்டிக்குள் ஒன்று, வேதப்புத்தகத்துக்குள் ஒன்று இருக்கட்டும்.