பகைவனா, உரைகல்லா?

வலியவன் ஒருவன் எதிரே நிற்கும்போது நம் உள்ளத்தில் இரண்டு விருப்பங்கள் எழுகின்றன. அவனுக்கு நிகராக நாம் உயர வேண்டும் என்பது ஒன்று. அவன் எவ்வாறேனும் தாழ்ந்துபோக வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் வெற்றியையே நாடுவதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆயினும் முன்னது மனிதனை வளர்க்கிறது. பின்னது அவனைச் சுருக்குகிறது. இவ்வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள, நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஐஸ் ஹாக்கி விளையாட்டு நமக்குத் துணைசெய்கிறது.

1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் லேக் பிளாசிட் என்னும் சிற்றூரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. சோவியத் அணி 1964 முதல் நான்கு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்றிருந்தது. அமெரிக்க அணியிலோ பெரும்பாலும் கல்லூரிப் பருவத்து இளைஞர்களே இருந்தனர். ஒலிம்பிக் தொடங்குமுன், பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில் நடந்த நட்புமுறை ஆட்டத்தில் சோவியத் அணி 10–3 என அவர்களை வீழ்த்தியது. பதின்மூன்று நாள்களுக்குப் பின், பிப்ரவரி 22 அன்று, அதே இளைஞர்கள் அதே அணியை 4–3 என வென்றனர்.

உலகம் இதனை அற்புதம் என்றது. அச்சொல்லின் எடையை நாம் அறிவோம். ஆகவேதான் இங்கே அதைப் பயன்படுத்தத் தயங்குகிறோம். 1979 செப்டம்பரில் ஆஸ்லோ நகரில் நார்வேயுடன் அவ்வணி 3–3 எனச் சமன் செய்தது. வீரர்கள் முழு மனத்தோடு ஆடவில்லை என்று கண்ட பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ், ஆட்டம் முடிந்த பின்னும் அவர்களைப் பனித்தளத்திலேயே நிறுத்தி, அரங்கின் விளக்குகள் அணைக்கப்பட்ட பிறகும் முன்னும் பின்னுமாகச் சறுக்கி ஓடச் செய்தார். இத்தகைய உழைப்பை மறைத்துவிடும் சொல்லைப் புகழ்ச்சி என எவ்வாறு கொள்வது?

புரூக்ஸும் தோல்வியின் சுவை அறிந்தவரே. 1960இல் தங்கம் வென்ற அமெரிக்க அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டவர் அவர். சோவியத் அணியின் வலிமையைக் கண்டு அவர் வெறுப்புக் கொள்ளவில்லை. அதைப் பாடமாகப் பயின்றார். அவர்களுடைய உடற்பயிற்சியையும், இடம் மாறி மாறி வட்டைக் கடத்தும் கலையையும் தம் மாணவர்க்கு ஊட்டினார். எதிராளியிடம் கற்றதைக் கொண்டே எதிராளியை வென்றார் எனில், அவ்வெற்றியில் எதிராளிக்கும் பங்கு உண்டன்றோ?

அந்தச் சோவியத் அணியும் ஒரு காலத்தில் மாணவனாக இருந்ததே. அந்நாட்டில் ஐஸ் ஹாக்கிக்கான தேசியப் போட்டி 1946இல்தான் தொடங்கிற்று. எட்டே ஆண்டுகளில், 1954இல், முதன்முறையாகக் கலந்துகொண்ட உலகப் போட்டியிலேயே, இவ்விளையாட்டின் தாயகமாகிய கனடாவை 7–2 என அது வென்றது. இன்றைய வலியவன் நேற்றைய மாணவன் என்பதை நினைத்துக்கொண்டால், மெலியவன் மனம் சோரமாட்டான், வலியவனும் செருக்குறமாட்டான்.

வலியவர் எல்லாரையும் உரைகல்லாகக் கொள்ள இயலுமா என்று நண்பர்கள் கேட்கலாம். இயலாது. மெலியவரை நசுக்கும் வலிமையும் உலகில் உண்டு. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்திருந்தன; அந்தச் சினம் லேக் பிளாசிட் அரங்கிலும் எதிரொலித்தது. அநீதியை எதிர்ப்பது கடமை. ஆனால் ஓர் அரசின் குற்றத்தை, மட்டையேந்தி நின்ற இருபது விளையாட்டு வீரர்களின் தோள்மீது ஏற்றுவது நீதியாகாது. பகைவன் அழிய வேண்டும் என நாம் விரும்புகிறோம். உரைகல் தேய்ந்துபோக வேண்டும் எனப் பொற்கொல்லன் விரும்புவானா?

அன்றைய ஆட்டத்தில் சோவியத் வீரர்கள் 39 முறை கோலை நோக்கி வட்டை அடித்தனர். அமெரிக்கர் அடித்தது 16 முறையே. கோல் காவலர் ஜிம் கிரெய்க் 36 அடிகளைத் தடுத்தார். அவற்றுள் இரண்டு தவறியிருந்தால் தோல்வி. அப்போது அந்த மாதங்களின் உழைப்பெல்லாம் வீணென்று ஆகியிருக்குமா? ஆகியிராது என்றே நாம் கருதுகிறோம். 10–3 என்று தோற்றவர்கள் பதின்மூன்று நாளில் அத்தகைய அணிக்கு ஈடுகொடுத்து நின்றார்களே, அந்த வளர்ச்சியை எந்த எண்ணிக்கையும் அழித்துவிட முடியாது. வெற்றி அதற்குச் சாட்சியாக வந்தது. அதை உண்டாக்கியது வெற்றியன்று.

அந்த வெற்றியோடும் தங்கம் கிட்டிவிடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பின்லாந்து அணியிடம் பின்தங்கியிருந்து, பிறகு 4–2 என வென்றே அவர்கள் அதைப் பெற்றனர். ஓர் உரைகல்லைக் கடந்தவனுக்கு மற்றொன்று காத்திருக்கிறது.

நம் அலுவலகத்தில், தெருவில், ஏன் உடன்பிறந்தாரிடையேயும், நம்மினும் வல்லவர் ஒருவர் இருக்கவே செய்கிறார். அவர் இடறி விழும் நாளுக்காகக் காத்திருக்கிறோமா, அல்லது அவரால் நாம் எழும் நாளுக்காக உழைக்கிறோமா? இதற்கு நாம் அளிக்கும் விடையே, நாம் எத்தகையவர் என்பதைக் காட்டிவிடும்.