பூவுக்குச் சாக்கு கிடையாது

பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்துக்காகப் பழையசீவரம் மலைக்குப் புறப்படுகிறார். முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை, வாலாஜாபாத் என்று தறிச் சத்தத்துக்குப் பழகிய ஊர்கள் வழியாகப் பயணம். பெருமாளுக்கு எத்தனை பட்டு, எத்தனை மாலை என்று இந்த ஊர்களில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதே தெருவில், கூலியை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நெசவாளர் வீட்டுப் பெண் ஒரு முழம் மல்லியும் அரை டஜன் கண்ணாடி வளையலும் வாங்கினால், ‘இந்த விலைக்கு இது தேவையா?’ என்று வீட்டுக்குள்ளிருந்தே குரல் வரும். குரலில் நியாயம் இல்லாமல் இல்லை. மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறைந்து, பொங்கல் நேரத்தில் கிலோ ஆயிரங்களைத் தாண்டிவிடுகிறது. இருந்தாலும் விலைக்கு அடியில் ஒரு அறக் கேள்வி கிடக்கிறது. சிக்கனம் நல்லொழுக்கம் என்றால், அழகுக்காக எப்போதாவது செய்யும் சிறு செலவு அந்த ஒழுக்கத்தில் விழுந்த ஓட்டையா? இல்லை என்பது என் கட்சி. சிக்கனத்தைக் கஞ்சத்தனத்திலிருந்து பிரித்துக் காட்டுவதே அந்தச் செலவுதான் என்றும் சொல்வேன்.

நம் மரபிலிருந்து ஒரு சாட்சி வேண்டுமானால் ஆண்டாளின் திருப்பாவை இருக்கிறது. 2-ஆம் பாசுரத்தில் ஆயர்பாடிப் பெண்கள், நோன்புக்காக எதையெல்லாம் விடப்போகிறோம் என்று சொல்கிறார்கள்: நெய், பால், கண்மை, தலைப்பூ. இங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறவருக்கு ஆண்டாள் துறவு போதிப்பவளாகத் தெரிவாள். 27-ஆம் பாசுரம் வரை பொறுக்க வேண்டும். அங்கே அதே பெண்கள் வளையும் தோடும் அணிந்து, புதிது உடுத்து, நெய் ஒழுகும் பாற்சோற்றைக் கூடி உண்ணப்போவதாகப் பாடுகிறார்கள். வைணவக் கோயில்களில் அக்காரவடிசலோடு கூடாரவல்லி கொண்டாடுவது இதற்காகத்தான். விட்ட பாலும் நெய்யும் திரும்பி வருகின்றன. அலங்காரமோ முன்னைவிடத் தாராளமாகவே வருகிறது. பூவும் மையும் தம்மளவில் குற்றம் என்று நினைத்து விட்டவர்கள் நோன்பின் முடிவில் இப்படிக் கொண்டாட மாட்டார்கள். பௌத்தமும் நோன்பு நாளையும் மற்ற நாளையும் ஏறத்தாழ இப்படித்தான் பிரித்தது. மாலையும் வாசனைப் பூச்சும் பிக்குகளுக்கு எப்போதும் விலக்கு. இல்லறத்தாருக்கு அன்றாடம் ஐந்து சீலங்கள். மாலையைத் தவிர்க்கும் விதி, உபோசத நாட்களில் அவர்கள் ஏற்கும் எட்டுச் சீலத்தில்தான் வருகிறது. ஆசையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த மதமே குடும்பஸ்தரின் தலைப்பூவுக்குத் தேதி குறித்துத்தான் தடை போட்டது.

சிக்கனத்தையும் கஞ்சத்தனத்தையும் வள்ளுவர் இரண்டு அதிகாரங்களில் பிரித்து வைத்திருக்கிறார். வலியறிதலில் வருவது வரவு செலவுக் கணக்கு: வரவு சிறிதானாலும் செலவு அதைத் தாண்டாதவரை கேடில்லை. நன்றியில் செல்வத்தில் வருவது வேறு ஆள். தானும் அனுபவிக்காமல் பிறருக்கும் கொடுக்காமல் பூட்டி வைக்கிறவன். துய்ப்பதையும் கொடுப்பதையும் அவர் ஒரே மூச்சில் சொல்வது கவனிக்க வேண்டியது. சிக்கனக்காரருக்குப் பணம் ஒரு வழி, கஞ்சனுக்கு அதுவே போய்ச்சேரும் ஊர். கடலுக்கு அப்பால் எபிகூரஸும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். இன்பவாதி என்று பெயரெடுத்த அந்த கிரேக்கர் அன்றாடம் ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று வாழ்ந்தவர். நினைத்தபோது விருந்து கொண்டாடுவதற்காக நண்பரிடம் ஒரு சிறு குடுவைப் பாலாடைக்கட்டி அனுப்பச் சொன்னார் என்று பழைய குறிப்பு உண்டு. தேவை குறைந்தவருக்கே சுவை கூடுதல் என்பது அவர் கணக்கு. தினமும் பந்து பந்தாகப் பூ வைத்துக்கொள்கிறவருக்கு மல்லி மணப்பதே மறந்துவிடும்.

பூக்காரம்மா முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை நீட்டி அளந்து, வாழை நாரை நறுக்கிக் கொடுக்கிறார். மறுநாள் காலையில் அது பழுத்துப்போகும். இது வீண் என்பவர்கள் தங்கத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. நகைச்சீட்டு கட்டினால் அதற்குச் சேமிப்பு என்று பெயர். மினுக்கும் ஆசைக்கு வங்கிப் புத்தகத்தின் மரியாதை கிடைத்துவிடுகிறது. பூவுக்கு அந்தச் சாக்கு கிடையாது. அழகாக இருக்கிறது, வாங்கினேன் என்று மட்டுமே சொல்ல முடியும். எனக்கென்னவோ அதுதான் நேர்மையான செலவாகப் படுகிறது.

அந்தக் காசை இல்லாதவருக்குக் கொடுக்கலாமே என்பது பழைய ஆட்சேபணை. பூக்காரம்மாவும் ஏழைதான் என்று பதில் சொல்லித் தப்பிக்கலாம். அது சாமர்த்தியம், பதில் ஆகாது. கொடுப்பதற்கு அளவு உண்டு, அதை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனக்கு ஒரு பூவைக்கூட மறுத்துப் பழகிய மனம், பிறர் தலையில் பூவைக் கண்டால் முகம் சுளிக்கவும் பழகிவிடுகிறது. அந்த மனம் தாராளமாகக் கொடுத்து நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. இதைவிடக் கனமானது இன்னொரு ஆட்சேபணை: எப்போதாவது என்பது எப்போதும் என்று ஆகிவிடாதா? அதற்குப் பதில் பெட்டிக்கடையில் தொங்குகிறது. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் வெள்ளிக்கிழமைத் தலைக்குளியலில் வாசனை வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதே பெட்டிக்கடைச் சரத்தில் சிவப்பழகு க்ரீமும் தொங்கியது. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுக்க 2020 வரை ஆயிற்று. இரண்டும் சின்னப் பாக்கெட்தான், சின்னக் காசுதான். ஒன்று இருக்கிற முடிக்குக் கொஞ்சம் சந்தோஷம் கொடுத்தது. மற்றது, இருக்கிற தோல் போதாது என்று முதலில் நம்பவைத்து, பிறகு மருந்து விற்றது. பயத்தில் வாங்குவது எத்தனை மலிவாக இருந்தாலும் அதற்கு முடிவே கிடையாது. அது ஆட்சேபிப்பவர் சொல்கிறபடியே தினசரிச் செலவாகும். மகிழ்ந்து வாங்கியது அன்றோடு நிறைந்துவிடுகிறது.

பெரியார் வழி வருகிறவர்கள் இதற்கும் மேலே போய்க் கேட்பார்கள்: நகையும் அலங்காரமும் பெண்ணைப் பொம்மையாக்கி வைத்தவை அல்லவா, அதற்குத் தத்துவ வக்காலத்தா? இந்தக் கேள்வியைத் தள்ள முடியாது. பூவை வைத்துக்கொள் என்று கட்டளையிட்ட அதே சமூகம், கணவன் இறந்த நாளில் அதைப் பிடுங்கியும் போட்டது. கைம்பெண்ணின் எளிமையை நோன்பு என்று யாராவது சொன்னால் அது பொய். ஆண்டாளின் தோழிகள் 2-ஆம் பாசுரத்தைத் தாங்களே சொன்னார்கள், 27-ஆம் பாசுரமும் அவர்கள் கையில் இருந்தது. விதவைக்கு இரண்டாம் பாசுரத்தைப் பிறர் சொன்னார்கள். இருபத்தேழாவது வரவே இல்லை. வைத்துக்கொள்வதையும் விடுவதையும் அவளே தீர்மானிக்காத வீட்டில் நான் இதுவரை சொன்ன வாதம் செல்லாது. அந்த முடிவை அவளிடமே விட்ட ஊரும் உண்டு. 2022 மே மாதம் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் கிராமப் பஞ்சாயத்து, கணவன் இறந்தால் மனைவியின் குங்குமத்தை அழிப்பதையும் வளையலை உடைப்பதையும் தடை செய்து தீர்மானம் போட்டது. பொட்டு வைத்தே ஆகவேண்டும் என்று அந்தத் தீர்மானம் யாரையும் வற்புறுத்தவில்லை. அடுத்தவர் கை நீளக் கூடாது என்றது, அவ்வளவுதான்.