கணக்கில் ஏறாத கடன்

ஒரு பாராளுமன்ற உறுப்பினர், நாட்டுக்கு வேண்டியது என்று தான் நம்பும் ஒரு செலவுக்குறைப்புக்கு ஆதரவாக வாக்களிக்கிறார். அந்தக் குறைப்பின் அடி, அவரைத் தெரிவுசெய்து அனுப்பிய ஊரின் தலையிலேயே வந்து விழுகிறது. அவர் செய்தது துரோகமா, கடமையா? இந்தக் கேள்விக்கு நம்மிடம் இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. இடதுசாரி நண்பர்கள் துரோகம் என்பார்கள். கடையும் கணக்கும் வைத்திருக்கும் நண்பர்கள், வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்யும் வீடு உருப்படாது என்பார்கள். இரண்டு விடைகளும் சற்று அவசரமானவை என்று நான் நினைக்கிறேன். கனடாவில் நம்மில் பலரின் வாழ்க்கையைத் தொட்டுச் சென்ற ஒரு வரவுசெலவுத் திட்டத்தை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம்.

1995 பெப்ரவரி 27ஆம் திகதி நிதியமைச்சர் போல் மார்ட்டின் சமர்ப்பித்த திட்டம் அது. அன்றைய நிலைமை பொய்யல்ல. மத்திய அரசின் ஆண்டுப் பற்றாக்குறை 1993-94இல் 40 பில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது. அரசுக்கு வரும் ஒவ்வொரு டொலரிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய கடனின் வட்டிக்கே போனது. 1994 டிசம்பரில் மெக்சிக்கோவின் நாணயம் சரிந்தபோது, அடுத்தது கனடாதானோ என்று நியூயோர்க்கின் பத்திரிகைகள் எழுதின. இந்த நிலையில், ஏதோ ஒன்றைக் குறைத்தே ஆகவேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால் அவரை நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நமது கிழவிகளும் அறிந்த பொருளாதாரம்.

ஆனால் எதைக் குறைத்தார்கள்? 45,000 அரச வேலைகள் இல்லாமற் போகும் என்று அறிவிக்கப்பட்டது. 1966 முதல் இருந்துவந்த ‘கனடா உதவித் திட்டம்’ ஒழிக்கப்பட்டது. ஏழைகளுக்கான உதவிப்பணத்தில் மாகாணங்கள் செலவிடுவதில் பாதியை மத்திய அரசு ஏற்கும் ஏற்பாடு அது. பணத்தோடு சில நிபந்தனைகளும் அதில் இருந்தன. தேவை உள்ளவருக்கு உதவி மறுக்கக்கூடாது; மறுத்தால் மேன்முறையீடு செய்ய வழி இருக்கவேண்டும். 1996 ஏப்ரலில் அது போய், சுகாதாரம், உயர்கல்வி, சமூக உதவி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மொத்தத் தொகை என்றானது. 1995-96இல் ஏறத்தாழ 18.5 பில்லியனாக இருந்த அந்தக் காசு, 1997-98இல் 12.5 பில்லியனாக இறங்கியது. அந்த இரண்டு நிபந்தனைகளும் காசோடு சேர்ந்தே காணாமற்போயின.

அதே திட்டத்தில்தான் நிரந்தர வதிவிடம் பெறும் வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் 975 டொலர் கட்டணம் வந்தது. அகதிகளுக்கும் விலக்கு இல்லை. சீனர்களிடம் 1885 முதல் 1923 வரை கனடா அறவிட்ட தலைவரியைப் பலர் அப்போது நினைவுபடுத்தினார்கள். அகதி அந்தஸ்துக் கிடைத்தும் அந்தக் காசு சேராததால் பத்திரம் நிரப்பாமல் வைத்திருந்த நம்மவர்கள் உண்டு. வதிவிடம் இல்லாமல் ஊரில் இருக்கும் மனைவியைக் கூப்பிட முடியாது. உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவுகிறவனுக்கு 975 டொலர் என்பது பல வாரச் சம்பளம். ஒட்டாவாவின் கணக்குப் புத்தகத்தில் அது மிகச் சிறிய ஒரு வரி.

இனி ஒரு குறிப்பிட்ட பிரதிநிதியிடம் வருவோம். டக் யங் என்பவர் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் வடகிழக்கிலுள்ள அக்காடி-பாதர்ஸ்ற் தொகுதியின் லிபரல் உறுப்பினர். மீனும் நண்டும் சிங்கி இறாலும், காட்டுமரமும், சதுப்பு நிலத்துப் பாசிமண்ணுமே அந்தக் கரையின் பிழைப்பு. குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும். மீன் பதனிடும் ஆலைகள் மூடப்படும். கோடையில் வேலை, குளிரில் காப்புறுதிப் பணம் என்பதே அங்கு வருடத்தின் ஒழுங்கு. அதைச் சோம்பல் என்பதும், மழைக்காலத்தில் மீனவன் கடலுக்குப் போகவில்லை என்று குறை சொல்வதும் ஒன்றுதான்.

1996இல் மனிதவள அமைச்சராக இருந்தவர் இதே டக் யங். வேலையின்மைக் காப்புறுதியை மாற்றியமைத்த சட்டம் அவருடைய பொறுப்பில் நிறைவேறியது. அதன் பெயரே ‘வேலைக் காப்புறுதி’ என்று மாறியது. ‘இன்மை’ பெயரிலிருந்து மட்டும் நீங்கியது. புதிதாக வேலைக்கு வருபவர் 910 மணித்தியாலங்கள் உழைத்திருந்தால்தான் பணம் பெறலாம் என்று அன்று விதிக்கப்பட்டது. அடிக்கடி பெறுபவருக்கு, முந்தைய ஐந்து ஆண்டுகளில் பெற்ற ஒவ்வொரு 20 வாரங்களுக்கும் ஒரு வீதமாக, 55 வீதத்திலிருந்து 50 வீதம் வரை குறைக்கப்படும். பருவகாலத் தொழிலாளிதான் அடிக்கடி பெறுபவர். அப்படியானால் அமைச்சரின் சட்டம் அமைச்சரின் ஊரையே குறிபார்த்தது என்று சொல்லலாம். 1997 ஜூன் 2ஆம் திகதித் தேர்தலில் சுரங்கத் தொழிற்சங்கவாதியான இவோன் கோடினிடம் அவர் தோற்றார். அட்லாண்டிக் மாகாணங்களின் 32 ஆசனங்களில் 31ஐ 1993இல் வென்றிருந்த லிபரல் கட்சிக்கு இம்முறை 11தான் மிஞ்சியது. நோவா ஸ்கோஷியாவில் ஒன்றுகூட இல்லை.

டக் யங்கின் பக்கம் நின்று பேச ஒரு பழைய நியாயம் இருக்கிறது. 1774இல் எட்மண்ட் பேர்க் தன்னைத் தெரிவுசெய்த பிறிஸ்ரல் நகரத்தாரிடம், பிரதிநிதி என்பவர் உங்கள் கட்டளையைச் சுமந்துபோகும் ஆள் அல்ல, தன் அறிவையும் மனச்சாட்சியையும் உங்களுக்குத் தரக் கடமைப்பட்டவர் என்ற கருத்தில் பேசினார். சொன்னபடியே நடந்தார். அயர்லாந்தின் வாணிபத்துக்கு இருந்த தடைகளைத் தளர்த்தவேண்டும் என்று, பிறிஸ்ரல் வியாபாரிகளின் நலனுக்கு மாறாக நின்றார். 1780இல் அந்த ஆசனத்தை இழந்தார். தன் தீர்ப்புக்குத் தானே விலை கொடுத்தவர் என்பதால் அவரது வாதத்துக்கு ஒரு கனம் உண்டு.

அந்த அளவில் டக் யங்கும் விலை கொடுத்தவர்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேர்க்கின் நியாயத்தைக் கொண்டு இன்றைய பாராளுமன்றத்தை அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்சிக் கொறடா சொல்கிறபடி எழுந்து நிற்பவர் யாருடைய அறிவைத் தருகிறார்? அதே லிபரல் கட்சியில், மொன்றியலின் நொத்ர்-டாம்-டி-கிராஸ் தொகுதி உறுப்பினர் வொரன் ஆல்மண்ட் 1995 திட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். 1965 முதல் அவையில் இருந்தவர். 1976இல் மரண தண்டனை ஒழிக்கப்பட்டபோது அதற்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர். எதிர்த்து வாக்களித்ததற்காக நீதிக் குழுவின் தலைமைப் பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. மனச்சாட்சி என்ற சொல் யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே வாசகர் தீர்மானிக்கட்டும். என்னுடைய கேள்வி வேறு. ஆல்மண்ட் எதிர்த்தும் திட்டம் நிறைவேறியது. ஆதரித்தவர்களில் பலர் உண்மையாகவே வேறு வழியில்லை என்று நம்பியிருக்கலாம். அப்படி நம்பி வாக்களித்தவருக்கு, வாக்களித்த பிறகு ஏதாவது கடமை மிஞ்சுகிறதா?

இந்தக் கேள்வி ஏன் எழுவதில்லை என்பதற்கு ஒரு காரணம் சமஷ்டி அமைப்பிலேயே இருக்கிறது. நமக்குச் சமஷ்டி என்பது கேட்டுக் கேட்டுக் கிடைக்காத ஒன்று. 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கிய நாளிலிருந்து அது மேடைச் சொல்லாகவே இருந்தது. அந்த அமைப்பின் நடைமுறையை நாம் இங்கேதான் அன்றாடம் கண்டோம். அதன் நன்மைகள் பல. அதற்குள் ஒரு இருட்டு மூலையும் உண்டு: அதிகாரத்தைப் பகிரும்போது பழியையும் பகிர்ந்து, கடைசியில் பழி யாரிடமும் இல்லாமற் போய்விடும்.

ஒட்டாவா 1995 பெப்ரவரியில் மாகாணங்களுக்கான பணத்தைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஒன்ராறியோவில் ஜூனில் ஆட்சிக்கு வந்த மைக் ஹரிஸ், ஒக்டோபரில் உதவிப்பணத்தை 21.6 வீதம் வெட்டினார். இதை முழுவதும் ஒட்டாவாவின் வேலை என்று சொல்லமுடியாது; ஹரிஸ் அதைத் தன் கொள்கையாகவே செய்தார், கூடவே வருமான வரியையும் குறைத்தார். பின்னர் மாகாணம் சமூக வீடமைப்பின் செலவை நகரசபைகளின் தலையில் கட்டியது. மாகாணம் அமைத்த ஆணைக்குழு மூடச் சொன்ன வைத்தியசாலைகளில் ரொறன்ரோவின் வெலஸ்லியும் ஒன்று. தமிழர்கள் நெருங்கி வாழ்ந்த சென். ஜேம்ஸ் ரவுணுக்கு அருகில் இருந்தது அது. 1998இல் ரொறன்ரோ நகரசபை, வீடற்றோர் நிலைமையை ஒரு தேசியப் பேரிடர் என்று ஏற்றுத் தீர்மானித்தது. நகரசபை மாகாணத்தைக் காட்டியது. மாகாணம் ஒட்டாவாவைக் காட்டியது. ஒட்டாவா கடன்காரரைக் காட்டியது. கடைசிப் படியில் நின்ற குடும்பத்துக்குக் காட்ட ஆளில்லை. அது பால் வாங்குவதைக் குறைத்துக்கொண்டது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. தவிர்க்கமுடியாத நெருக்கடி என்ற பெயரில் ஏழையிடமிருந்து எடுக்கப்படும் பணம் ஒரு கடன். வங்கிக்காரரும் பத்திரம் வைத்திருப்பவரும் கொடுத்த கடனுக்கு எழுத்து உண்டு, திகதி உண்டு, வட்டி உண்டு. பாதர்ஸ்றின் மீன்தொழிற்சாலைப் பெண்ணும், ரொறன்ரோவின் உதவிப்பணத் தாயும், 975 டொலர் கட்டிய அகதியும் கொடுத்ததும் அதே நாட்டைக் காப்பாற்றத்தான். அவர்கள் கொடுத்ததற்கு எந்த எழுத்தும் இல்லை. முதற் கடனை அடைக்க இரண்டாவது கடன் வாங்கப்பட்டது; இரண்டாவது கணக்கில் ஏறவில்லை.

நெருக்கடி நீண்டகாலம் நீடிக்கவில்லை என்பதே இதை ஒரு அறக்கேள்வி ஆக்குகிறது. 1997-98இலேயே பற்றாக்குறை மறைந்து உபரி வந்துவிட்டது. வேலைக் காப்புறுதிக் கணக்கில், தொழிலாளரும் முதலாளிமாரும் கட்டியதற்கும் வேலையற்றோருக்குக் கொடுத்ததற்கும் இடையிலான மிச்சம் காலப்போக்கில் 50 பில்லியனைத் தாண்டியது. அது அரசின் பொதுச் செலவில் கரைந்தது. 1990களின் பிற்பகுதியில் வேலையற்றோரில் பாதிப்பேருக்குக்கூட அந்தக் காப்புறுதி கிடைக்கவில்லை. பந்தியில் இல்லாத வாழைக்காய் பந்தலில் தொங்கிய கதைதான்.

யாருடைய கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். 2000 ஒக்டோபரில் ஐந்தாண்டுகளில் 100 பில்லியன் டொலர் வரிக்குறைப்பு அறிவிக்கப்பட்டது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவருக்குப் பங்கு கிடைத்தது. 2004இல், பிரதமராகிவிட்ட மார்ட்டின் மாகாணங்களோடு பத்தாண்டுச் சுகாதார உடன்படிக்கை செய்து 41 பில்லியன் ஒதுக்கினார். 1957இன் வைத்தியசாலைக் காப்புறுதிச் சட்டத்துக்கு உழைத்த சுகாதார அமைச்சர் அவருடைய தகப்பனார் என்பதை நினைத்தால், மகன் அந்தக் கடனை உணர்ந்தார் என்றே கொள்ளலாம். வைத்தியசாலைக்கு எல்லோரும் போகிறார்கள்; அதன் குறையை எல்லோரும் பேசினார்கள். பருவகாலத் தொழிலாளரைத் தண்டித்த அந்த வீதக்குறைப்பு 2000ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டிக் கைவிடப்பட்டது. அவர்களிடம் வாக்கு இருந்தது, அதை 1997இல் காட்டியும் இருந்தார்கள். அகதிகளுக்கு 975 டொலர் கட்டணம் 2000 பெப்ரவரியில் நீக்கப்பட்டது. உதவிப்பணம் பெறுவோருக்கு 1966 முதல் இருந்த இரண்டு பாதுகாப்புகளோ மத்திய சட்டத்தில் திரும்பி வரவேயில்லை.

ஆகவே ‘தவறு செய்த பிரதிநிதியைத் தேர்தலில் தண்டிக்கலாம், அதுதானே ஜனநாயகம்’ என்பது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. டக் யங்கைத் தோற்கடித்ததால் யாருடைய அடுப்பும் எரியவில்லை. தவிர, அந்த 975 டொலரைக் கட்டியவருக்கு வாக்குரிமையே இல்லை. வாக்கில்லாதவரிடம் வாங்கிய கடனைத் தேர்தல் நினைவூட்டாது. அதை நினைவில் வைத்திருக்க வாங்கியவரின் மனம் ஒன்றே இருக்கிறது.

ஒரு பிரதிநிதி செலவுக்குறைப்புக்கு ஆதரவளிப்பதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆதரவளிக்கும் அன்றே, யாரிடமிருந்து எவ்வளவு எடுக்கிறேன் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். மாகாணத்தின் பின்னால் ஒளியக்கூடாது. நெருக்கடி தீர்ந்ததும் முதற் காசு யாருக்குப் போகவேண்டும் என்பதை மறக்கக்கூடாது. கடன் வாங்கியதை ஒப்புக்கொண்டவர் ஏழையாகலாம், நேர்மை கெட்டவர் ஆகமாட்டார். வாங்கியதே இல்லை என்பவர்தான் நம் ஊர்வழக்கில் ஏமாற்றுக்காரர்.

2025 நவம்பரில் கனடாவின் பாராளுமன்றம் மீண்டும் ஒரு வரவுசெலவுத் திட்டத்தை 170க்கு 168 என்ற வாக்குகளில் ஏற்றுக்கொண்டது. பொதுச்சேவை ஊழியர் தொகையைப் பல்லாயிரக்கணக்கில் குறைப்பதும் அதில் ஒரு பகுதி. 1995இல் அந்த அவையில் தமிழர் எவரும் இல்லை. முதல் தமிழர் 2011இல்தான் சென்றார். இப்போது அங்கே அமர்ந்து வாக்களிப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாசலுக்கு வரும்போது பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். தேநீர் ஆறுவதற்குள் ஒன்றைக் கேட்டுவைக்கலாம்: இம்முறை யாரிடம் வாங்கினீர்கள், எப்போது திருப்பிக் கொடுப்பதாக உத்தேசம்?