விட்டுவிட்டு எழுந்திருக்கக்கூடிய வேலை

சென்ற ஆண்டு என் மகளுக்கு ஒரு மர யானை செய்ய ஆரம்பித்தேன். அவளுக்கு அப்போது நான்கு வயது. தெருமுனைத் தச்சுப்பட்டறையில் ஒரு தேக்குத் துண்டு கேட்டு வாங்கினேன். மூன்று உளி, ஒரு அரம், கொஞ்சம் உப்புத்தாள், மீதிக்கு யூடியூப். நாள் முழுக்கத் திரையில் எதையோ செய்துவிட்டு, மாலையில் கையில் எடுத்துப் பார்க்க ஒன்றும் இல்லாத வேலை என்னுடையது. அதனாலேயே உளி இறங்கி மரம் சுருள் சுருளாக விழுவதைப் பார்ப்பது ஏறக்குறைய போதையாக இருந்தது. சனி, ஞாயிறுகளில் காலை பத்து மணிக்குச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஒரு மணிக்குத்தான் வெளியே வருவேன்.

கதவைச் சாத்த நல்ல காரணம் இருந்தது. உளி கூர்மையானது, குழந்தை சின்னவள். யாரும் குறை சொல்ல முடியாத காரணம்.

மூன்றாவது வாரம், துதிக்கையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினாள். “அப்பா, யானைக்குக் கண்ணு வெச்சாச்சா?” “இரும்மா, அப்பா வேலையா இருக்கேன்” என்றேன். மறுபடி தட்டினாள். மூன்றாவது முறை தட்டியபோது உளி வழுக்கித் துதிக்கையின் நுனி பெயர்ந்து விழுந்தது. கதவைத் திறந்து கத்தினேன். யாருக்காக யானை செய்கிறேனோ அவளிடமே கத்தினேன். அவள் அழவில்லை. ஓடிப்போய் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டாள்.

என் மனைவி கோபப்படவும் இல்லை. “நீங்க கதவைச் சாத்துனா அது சாத்தியே இருக்கணும்னா, நான் வெளியில உக்காந்திருக்கணும்ல. பாத்திரம் எடுத்து வைக்க அஞ்சு நிமிஷம் உள்ள போனேன், அதுக்குள்ள வந்துட்டா” என்றாள். அதை ஏதோ தன் தவறு போலச் சொன்னாள். அதுதான் என்னை உறுத்தியது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் நீர்வண்ண ஓவியங்கள் வரைவாள். அந்தத் தூரிகைகள் இப்போது பரணில், எந்தப் பெட்டியில் என்றுகூட எனக்குத் தெரியாது.

கலையா குடும்பமா என்ற கேள்வி பழையது. ஆங்கில விமர்சகர் சிரில் கானலி 1938இல் எழுதிய ஒரு நூலில், வீட்டு முன்கூடத்தில் நிற்கும் குழந்தைத் தள்ளுவண்டியை நல்ல கலைக்கு எதிரி என்றே சொல்கிறார். ஆனால் தள்ளுவண்டி தானாக நிற்பதில்லை, அதைத் தள்ளுவதற்கு ஒருவர் இருக்கிறார் என்பது அந்த வாக்கியத்துக்குள் வருவதில்லை. எனக்கு இப்போது இந்தக் கேள்வியே தப்பான இடத்தில் கேட்கப்படுவதாகத் தோன்றுகிறது. அதற்கு என் அம்மாவின் ஒயர் கூடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மணப்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா ஒயர் கூடை பின்னுவார். ஒயரை முழம் போட்டு அளந்து, வெட்டி, நடுவில் மடித்து முடிச்சுப் போட்டு அடிப்பாகத்தை முடிப்பார். பிறகு சுவர் எழும்பும், கடைசியில் கைப்பிடி. சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று வகைகள். தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அம்மா பின்னிய கூடை ஒன்று போகும். அதற்கென்று அவருக்கு ஒரு நேரமும் இருந்ததில்லை, ஒரு இடமும் இருந்ததில்லை. குக்கர் விசில் வந்தால் எழுந்து போவார். குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓடுவார். நான் வீட்டுப்பாடத்தோடு போய் நின்றால் ஒரு கண் என் நோட்டில், ஒரு கண் முடிச்சில். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடருவார். ஒரு நாளும் “எங்க விட்டேன்?” என்று அவர் தேடிப் பார்த்ததில்லை.

இதை ஒரு மென்பொருள் ஆளாக யோசித்துப் பார்க்கிறேன். ஒரு செயலி ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, முதல் வேலை எந்த நிலையில் இருந்தது என்பதை எங்காவது சேமித்து வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். நிரல் எழுதும்போது அந்த நிலை என் தலைக்குள் இருக்கிறது. யாராவது தோளைத் தொட்டால் கலைந்துவிடும். பால் கிரஹாம் 2009இல் எழுதிய பிரபலமான கட்டுரை ஒன்று இதைப் பற்றியதுதான்: உருவாக்குபவர்களுக்கு அரைநாள் முழுதாக வேண்டும், நடுவில் ஒரு மீட்டிங் வந்தாலே அது உடைந்துவிடும். அலுவலகத்தில் நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். ஹெட்ஃபோன் போட்டிருப்பவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

ஒயர் கூடையில் அந்த நிலை தலைக்குள் இல்லை, கூடையிலேயே இருக்கிறது. இறுக்கிய முடிச்சு அவிழாது. ஒவ்வொரு முடிச்சுக்குப் பிறகும் எழுந்து போகலாம். திரும்பி வந்தால் அடுத்த முடிச்சு எது என்று கூடையே சொல்லும். நீர்வண்ணம் அப்படி இல்லை. ஈரம் காய்வதற்குள் அடுத்த பூச்சு விழ வேண்டும். குக்கர் விசிலுக்கு எழுந்து போனால் தாளில் விளிம்புக்கறை நின்றுவிடும்.

மானுடவியலாளர் ஜூடித் பிரௌன் 1970இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். சமூகங்களில் பெண்களின் பங்களிப்பாக அமைந்த வேலைகள் எவை என்பதைக் குழந்தை வளர்ப்போடு பொருந்துவதை வைத்து அவர் விளக்கினார். திரும்பத் திரும்பச் செய்வது, ஆழ்ந்த கவனம் வேண்டாதது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தித் தொடரக்கூடியது, குழந்தைக்கு ஆபத்தில்லாதது, வீட்டருகே செய்யக்கூடியது. எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994இல் வெளியிட்ட நூலில், நூற்பும் நெசவும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் பெண்களின் கையில் இருந்ததை இதைக் கொண்டே விளக்குகிறார். என் உளியை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒன்றில்கூடத் தேறவில்லை. கதவு இல்லாமல் செய்ய முடியாத ஒரு வேலையை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். கதவு எனக்குக் கிடைக்குமா என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல், ஒரு பெண் எழுத ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டும் பூட்டக்கூடிய ஒரு அறையும் வேண்டும் என்றார். இன்றும் அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் அவர் வீட்டில் 1916 முதல் 1934 வரை நெல்லி பாக்சால் என்ற சமையல்காரர் இருந்தார். அந்தக் கதவுக்கு வெளியிலும் ஒருவர் இருந்தார்.

இந்த இடத்தில் ஒருவர் மறுக்கலாம்: கதவே இல்லாமல் பெரிய கலை செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். சிற்பி ரூத் அசாவா 1947இல் மெக்சிகோவின் டொலுகாவில் உள்ளூர்க் கைவினைஞர்கள் கம்பியில் கூடை பின்னுவதைக் கற்றுக்கொண்டார். சான் பிரான்சிஸ்கோ வீட்டில் ஆறு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, அந்தக் கூடைப் பின்னலைக் கூரையிலிருந்து தொங்கும், ஒன்றுக்குள் ஒன்று வளரும் வடிவங்களாக மாற்றினார். இமோஜன் கன்னிங்ஹாம் 1957இல் எடுத்த ஒரு புகைப்படத்தில், கம்பி வடிவங்களுக்கு நடுவில் அவர் வேலை செய்கிறார், சுற்றிலும் குழந்தைகள். அவருடைய வேலையை வெறும் கைவினை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 2020இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் சிற்பங்களைத் தபால்தலைகளாக வெளியிட்டது.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. குடும்பத்துக்கு நடுவிலேயே கலை பூக்கிறது, இடையூறும் கலையின் ஒரு பகுதிதான் என்று இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். போன் செய்து அம்மாவிடம் கேட்டேன்: “கூடை பின்றதுன்னா உனக்கு அவ்ளோ புடிக்குமாம்மா?”

அம்மா சிரித்தார். “புடிச்சுப் பின்னலடா. விட்டுட்டு எந்திரிக்கலாம்ல, அதான். எனக்குத் தையல் கத்துக்கணும்னு ஆசை. மெஷின்ல உக்காந்தா நடுவுல எந்திரிக்க முடியாது, நீ சின்னப் புள்ள, ஊசியில கையக் குடுத்துருவ. பின்னப் பின்ன இது புடிச்சுப்போச்சு. நல்லாத்தானே பின்னுனேன்?”

நல்லாத்தான் பின்னினார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தத் திறமையைச் சின்னது என்று சொல்வது அநியாயம். ஆனால் அதையே காட்டி, “பாருங்க, நடுவுல நடுவுல எழுந்தாலும் எவ்வளவு அழகா செய்யறாங்க” என்று சொல்வது இன்னொரு அநியாயம். அசாவாவைக் காட்டி என் மனைவியிடம் “உன்னால ஏன் முடியல?” என்று கேட்பதும் அதில் சேர்த்தி. எங்கள் வீட்டில் யார் எந்தக் கலையைச் செய்யலாம் என்பதை ஆசை தீர்மானிக்கவில்லை. யாரைக் கூப்பிட்டால் உடனே எழுந்து வருவார் என்பது தீர்மானித்தது. என் அப்பா பேப்பர் படிக்கும்போது நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை.

இந்தியப் புள்ளியியல் துறை 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அப்படிச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். இந்த எண்கள் முக்கியமானவைதான். ஆனால் மிச்ச நேரம் ஒரே துண்டாகக் கிடைக்கிறதா, பத்துப் பத்து நிமிடமாகச் சிதறிக் கிடைக்கிறதா என்று அவை சொல்வதில்லை. இரண்டு மணி நேரம் என்பதும் பன்னிரண்டு பத்து நிமிடங்கள் என்பதும் கணக்கில் ஒன்று. வரைய உட்காருபவருக்கு ஒன்றல்ல.

ஆகவே, கலையா குடும்பமா என்று கேட்பதைவிட, இந்த வீட்டில் இடையூறு யாருக்கு வருகிறது, அதை யார் தடுத்து நிறுத்துகிறார் என்று கேட்பது நேர்மையானது. குழந்தை உள்ள வீட்டில் இடையூறு இல்லாமல் போகாது. போகவும் வேண்டாம். அதைப் பங்கு போடலாம்.

இப்போது சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஒன்றுவரை சின்ன அறை என் மனைவியுடையது. நானும் மகளும் வெளியே. முதல் சனிக்கிழமை அவள் உள்ளே போய்த் தூங்கினாள். இரண்டாவது சனிக்கிழமையும் தூங்கினாள். “படம் போடலையா?” என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அந்த நேரத்தில் என்ன செய்தாள் என்று கணக்குக் கேட்டால், அது மறுபடி என் நேரமாகிவிடும்.

வெளியே உட்காருவது எவ்வளவு பெரிய வேலை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் பதினோரு முறை மகள் கதவை நோக்கிப் போனாள். பதினோரு முறையும் எழுந்து போய்த் திருப்பிக் கூட்டி வந்தேன். கையில் எடுத்த புத்தகத்தில் இரண்டு பக்கம்கூட நகரவில்லை. அம்மாவைக் கேட்டு ஒயர் வாங்கி, இப்போது முடிச்சுப் போடப் பழகுகிறேன். அடிப்பாகம் இன்னும் கோணலாகத்தான் வருகிறது.

யானை மகளிடம் இருக்கிறது, துதிக்கை நுனி இல்லாமலே. கண் மட்டும் வைத்துக் கொடுத்தேன். அந்த நுனி எங்கே என்று அவள் ஒருமுறை கேட்டாள். “அப்பா கோபத்துல ஒடச்சிட்டேன்” என்றேன். “பரவால்ல, தண்ணி குடிக்கும்ல?” என்றாள்.