யூதரே சொன்னால் உண்மையாகிவிடுமா?

1917 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசுக்குள் ஒரு குறிப்பு சுற்றுக்கு வந்தது. பாலஸ்தீனத்தை யூதர்களின் தேசிய இல்லமாக்கும் திட்டம் யூத வெறுப்புக்கே துணைபோகும் என்று அது சாடியது. எழுதியவர் இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகு. அவரே ஒரு யூதர். எந்தச் சீர்திருத்தத்தின் வழியே 1920-இல் நீதிக்கட்சி சென்னை மாகாணத்தில் ஆட்சிக்கு வந்ததோ, அதில் பெயர் பதித்த அதே மாண்டேகுதான். யூதர்களுக்கென ஒரு நாட்டைக் காட்டிவிட்டால், மற்ற நாடுகள் தம் யூதக் குடிமக்களை "உன் நாட்டுக்குப் போ" என்று விரட்டும் என அவர் அஞ்சினார். எதிர்த்தரப்பில், அந்தத் திட்டத்துக்காக முன்னின்று உழைத்தவர் ஹெர்பர்ட் சாமுவேல். அவர் மாண்டேகுவின் பெரியப்பா மகன்.

இருவரில் யார் இனத்துரோகி? இந்தக் கேள்வியே தவறு.

1938-இல் எவியான் நகரில் 32 நாடுகள் கூடின. பெரும்பாலானவை யூத அகதிகளுக்குக் கதவைச் சாத்தின. அதன்பின் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். குடியுரிமையை நம்பிய ஜெர்மன் யூதர்களை அந்தக் குடியுரிமை காப்பாற்றவில்லை. சாமுவேல் பக்கத்து நியாயத்தை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது. ஆனால் 1948 ஏப்ரலில் யூத ஆயுதக் குழுக்கள் டெய்ர் யாசின் கிராமத்து அரபு மக்களைக் கொன்றபோது அதைக் கண்டித்தவர்களும் யூதர்களே. இஸ்ரேல் பிறந்து ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், ஐன்ஸ்டைனும் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்டும் வேறு சிலரும் 'நியூயார்க் டைம்ஸ்' இதழுக்கு எழுதினார்கள். அந்தப் படுகொலையைச் சுட்டிக்காட்டி, மெனாகம் பெகினின் கட்சி அமைப்பிலும் வழிமுறையிலும் நாஜிக் கட்சியை ஒத்தது என்றார்கள். அதே பெகின் 1977-இல் இஸ்ரேல் பிரதமரானார்.

இப்படிப் பேசுவோருக்கு "தன்னையே வெறுக்கும் யூதர்" என்ற முத்திரை தயாராக இருக்கிறது. அரெண்டிடம் யூத மக்கள்மீது அன்பே இல்லை என்று அறிஞர் கெர்ஷோம் ஷோலம் குறைப்பட்டார். தான் எந்த மக்கள் கூட்டத்தையும் நேசித்ததில்லை, நண்பர்களையே நேசிப்பதாக அரெண்ட் பதில் எழுதினார். பிறப்பைக் காட்டி விசுவாசம் கேட்பவருக்குத் தர வேண்டிய நேரான பதில் அது.

சரி, நாம் என்ன செய்கிறோம்? 2023 அக்டோபர் 18 அன்று காசாவில் போர்நிறுத்தம் கோரி வாஷிங்டனில் நூற்றுக்கணக்கான யூதர்கள் கைதானார்கள். "யூதரே சொல்கிறார் பாருங்கள்" என்று அதைப் பகிர்ந்து மகிழ்ந்தோம். நவம்பர் 14 அன்று அதே நகரில் பெருந்திரளான யூதர்கள் இஸ்ரேலை ஆதரித்துக் கூடினார்கள். அவர்களும் யூதர்களே, அவர்கள் சொல்வதையும் ஏற்பீர்களா? காசாவில் குழந்தைகளைக் கொல்வது தவறென்பதற்கு யூதர் சான்றிதழ் எதற்கு? அக்டோபர் 7-இல் ஹமாஸ் செய்த படுகொலை தவறென்பதற்குத்தான் யாருடைய சான்றிதழ் வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசாவுக்காகக் கண்ணீர் வடிக்கும் சிலரே, "ஹிட்லர் காரணமில்லாமலா செய்தான்" என்றும் எழுதுகிறார்கள். இதற்குப் பெயர் பாலஸ்தீன ஆதரவு அல்ல, இனவெறி. 2018-இல் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக்கொன்றவனுக்கு இஸ்ரேல்மீது கோபமில்லை. அகதிகளுக்கு யூதர்கள் உதவுகிறார்கள் என்பதே அவன் ஆத்திரம்.

இஸ்ரேல் அரசைக் கண்டியுங்கள், காரணத்தோடு கண்டியுங்கள். ஹிட்லரைப் புகழும் செய்தி உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், அனுப்பியவர் எவ்வளவு நெருங்கிய தோழரானாலும், எல்லோரும் பார்க்க அங்கேயே மறுத்து எழுதுங்கள்.