உம் கொட்டுவதும் சம்மதிப்பதும்

நடத்தை மனோதத்துவத்தில் ஓர் உத்தி உண்டு. சொன்னதைச் செய்ய மறுக்கும் குழந்தையிடம், அது எப்போதும் தட்டாமல் செய்கிற மூன்று நான்கு காரியங்களை முதலில் மளமளவென்று கேட்கவேண்டும். மூக்கைத் தொடு, கையைத் தட்டு, ஒரு முத்தம் கொடு. ஒவ்வொன்றுக்கும் உடனே ஒரு பாராட்டு. அந்த வேகம் அடங்குவதற்குள், அது மறுக்கிற காரியத்தைக் கேட்டுவிட வேண்டும்: மருந்தைக் குடி. அறிவுத்திறன் குறைபாடுள்ள பெரியவர்களிடம் இதைப் பரிசோதித்து மேஸும் அவருடைய சகாக்களும் 1988இல் எழுதினார்கள். ஓடுகிற வண்டி சட்டென்று நிற்காது என்பதுதான் அதன் அடிப்படைப் படிமம்.

அடியில்லை, அதட்டலில்லை, காரியமும் நடக்கிறது. என் கேள்வி வேறு. மருந்துக்கு உம் சொன்னது யார், குழந்தையா, வேகமா?

குறிசொல்பவளுக்கு இந்த உத்தி எப்போதோ தெரியும். 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில், சிங்கி எடுத்த எடுப்பில் வசந்தவல்லியின் கையைக் கேட்பதில்லை. தரையை மெழுகு, கோலமிடு, பிள்ளையாரை வை, விளக்கேற்று, வெற்றிலை பாக்கு கொண்டு வா என்கிறாள். மறுக்க இவற்றில் எதுவுமில்லை. பிறகுதான் கை. அதற்கும் பிறகுதான் காதல் பேச்சு.

ஆனால் காதலனைப் பற்றிச் சொன்னதும் வசந்தவல்லி சீறுகிறாள். கன்னிப்பெண்ணை எதை வைத்து இப்படிச் சொன்னாய் என்று கேட்கிறாள். சிங்கி பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. முன்னால் சொன்ன உம்களெல்லாம் சேர்ந்து அவளுடைய கேள்வியை விழுங்கிவிடவில்லை. இதைக் கவிராயரின் நாகரிகம் என்பேன்.

எளியதிலிருந்து கடினத்துக்குப் போவது தவறல்ல. எல்லாக் கல்வியும் அப்படித்தான். 1988 பரிசோதனையிலேயே ஒரு செய்தி இருக்கிறது. கடைசி எளிய காரியத்துக்கும் கடினமானதுக்கும் இடையே 5 விநாடி இருந்தால் உத்தி பலிக்கிறது. 20 விநாடியானால் வலுவிழக்கிறது. இடையிலுள்ள அந்தப் பதினைந்து விநாடியில்தான் மனிதன் யோசிக்கிறான். உத்தி அதை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

என் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். கடன் பத்திரத்தில் இங்கே, இங்கே, இங்கே என்று விரல் நகர்கிறது, கூடவே பேனாவும். ஐந்தாவது பக்கத்தில் பிறன் கடனுக்கு ஜாமீன். அதுவும் ஒரு 'இங்கே'தான். சட்டப்படி அது சம்மதம்.

குழந்தைக்கு மருந்து போயாக வேண்டும், மறுக்கவில்லை. கொடுத்தவன் 'நான் கொடுத்தேன்' என்று சொல்லட்டும். 'அதுவே கேட்டுக் குடித்தது' என்று சொல்லவேண்டாம். ஜாமீன் போடுகிறவன் விஷயம் வேறு. அவனிடம் விரலை எடுத்துவிட்டு, இருபது விநாடி காத்திருக்க வேண்டும்.