திரும்பும் தேதி

கார் பழுதாகிப் பெரிய தொகை கேட்கிறார்கள் என்று விகாரையில் யாரிடமாவது சொன்னால், உடனே கிடைக்கும் ஆறுதல் அநித்தியம். சென்ற பௌர்ணமி வழிபாடு முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது எனக்கும் அதுவே கிடைத்தது. "சேர்ந்ததெல்லாம் பிரியும் தம்பி. ஒரு இரும்புக்காகப் போய் மனச வருத்திக்கலாமா?" என்றார் அப்பா வயதுள்ள பெரியவர் ஒருவர். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த ஆறுதலை மட்டும் ஏற்க முடியவில்லை. இந்த விஷயத்தில் அநித்தியம் என்ற போதனை தவறான ஆளுக்குத் துணை போகிறது என்று நினைக்கிறேன்.

ஆறு வருடமான ஆட்டோமேட்டிக் கார். பெரம்பூர் மேம்பாலத்தில் ஏறும்போது கியர் விளக்கு மினுக்கியது; எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. பின்சீட்டில் அம்மா. பின்னால் வந்த பஸ்காரர் நல்லவர், ஆரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனார். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனோம். ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை இயக்கும் யூனிட் போய்விட்டது என்றார்கள். எஸ்டிமேட் 2,64,000 ரூபாய். காரின் இன்றைய இன்ஷூரன்ஸ் மதிப்பே நாலு லட்சம்தான். வாரண்டி முடிந்துவிட்டது. மோதி நசுங்கியிருந்தால் இன்ஷூரன்ஸில் வாங்கலாம். தானாகப் பழுதானால் அது பாலிசியில் சேராது.

உள்ளே எது கெட்டிருக்கிறது என்று திறந்து பார்க்கச் சொன்னேன். "ஓபன் பண்ண மாட்டோம் சார். அசெம்பிளியாத்தான் மாத்துவோம். உள்ள இருக்குற பார்ட்ஸ் தனியா சப்ளை கிடையாது" என்றார் அந்த இளைஞர். இடையில் கியர் ஆயிலை மாற்றியிருக்க வேண்டுமோ என்று கேட்டேன். "அது லைஃப்டைம் ஆயில் சார். மாத்தவே வேண்டாம்."

என்னை உலுக்கியது பணத்தைவிட இந்தக் கடைசி பதில்தான். அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர். ரயில் பெட்டிகள் பி.ஓ.எச். என்னும் முழுப் பராமரிப்புக்கு வரும் இடம் அது. விரைவு ரயில் பெட்டி என்றால் ஏறக்குறைய 18 மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். பெட்டியைத் தூக்கி, போகியைக் கழற்றி, சக்கரத்தைக் கடைந்து, பேரிங்கைக் கழுவிப் பரிசோதித்து, ஸ்பிரிங்கின் உயரத்தை அளந்து, பிரேக்கின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் புதிது போடுவார்கள். டேஷ்பாட்டுக்குள் எண்ணெய் மட்டம் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு பெட்டியின் முனைச் சுவரில் இரண்டு தேதிகளைப் பெயின்ட்டில் எழுதுவார்கள். ஒன்று, பி.ஓ.எச். முடிந்த தேதி. மற்றது, திரும்பி வர வேண்டிய தேதி. எந்த ஸ்டேஷனில் நின்றாலும் அப்பா பெட்டியின் முனைக்குப் போய் அந்தத் தேதியைப் படிப்பார். ஐ.சி.எப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் கட்டத் தொடங்கிய பழைய வகைப் பெட்டியை 2018 ஜனவரி வரை செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 25 வருட ஆயுள் என்று கணக்கு. அந்தக் கணக்கைக் காப்பாற்றியவர்கள் என் அப்பாவைப் போன்றவர்கள்.

அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அந்தத் தலைமுறையிலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அநித்தியம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் அதன் பொருள் எனக்கு உரைத்தது அந்த இரண்டாவது தேதியில்தான். இது தேயும், இந்த நாளுக்குள் இங்கே கொண்டு வாருங்கள், நாங்கள் இருப்போம் என்று செய்தவனே வெளிப்படையாக எழுதி வைக்கிறான். நிலையாமையை உணர்ந்தவன் செய்யக்கூடிய காரியம் இது. மாறாக, தேய்கிற உலோகத்தின் நடுவே ஓடுகிற எண்ணெயை ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சொல்லி விற்கிறவன் என்ன செய்கிறான்? நிலையில்லாததை நிலையானதாகக் காண்பது, பௌத்தம் சொல்லும் நான்கு பிறழ்காட்சிகளில் முதலாவது. அந்தக் காட்சி என்னுடையது என்று பெரியவர் எடுத்துக்கொண்டார். விற்றவர்கள் அதை அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்.

சரி, யார் பொறுப்பு? அந்த இளைஞரிடம் நான் குரல் உயர்த்தவில்லை. அவர் அந்த யூனிட்டை வடிவமைக்கவில்லை. திறக்கக் கூடாது என்ற விதியையும் அவர் போடவில்லை. அவருடைய மேனேஜரும் அப்படித்தான். டீலர் விற்பவர் மட்டுமே. யூனிட்டைச் செய்தது வேறொரு கம்பெனியாம். வரைந்த பொறியாளரைக் கேட்டால் செலவுக் கணக்கைக் காட்டுவார். இப்படி ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பெயர்ப்பலகைதான் மிஞ்சுகிறது.

இது பௌத்தர்களுக்கு மிகவும் பழகிய பாதை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பஞ்சாபை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டருக்கும் நாகசேன பிக்குவுக்கும் நடந்ததாகச் சொல்லும் உரையாடல் 'மிலிந்த பன்ஹா'. நடந்து வந்தீரா, தேரில் வந்தீரா என்று பிக்கு கேட்கிறார். தேரில் என்கிறான் அரசன். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, அரசன் எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறான். இவை சேர்ந்த சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர். நாகசேனன் என்பதும் அப்படியே. இந்த வாதத்தை விகாரைகளில் எத்தனையோ பேர் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு முன் அரசன் எழுப்பும் ஆட்சேபத்தை மட்டும் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆள் என்று ஒருவர் இல்லையென்றால் நல்லது செய்பவர் யார், கெட்டது செய்பவர் யார், வினையின் பயன் யாருக்கு என்று அவன் கேட்கிறான். என் கேள்வியும் அதுவே. கம்பெனி என்பது வெறும் சேர்க்கையின் பெயர் என்றால், எனக்குப் பதில் சொல்ல வேண்டியவர் எங்கே?

அதற்கு அதே நூலில் வேறோர் இடத்தில் பதில் இருக்கிறது. ஒருவன் மாம்பழம் திருடிவிட்டு, நட்டவன் நட்டது மாங்கொட்டை, நான் பறித்ததோ பழம், இரண்டும் ஒன்றல்ல, ஆகவே நான் குற்றவாளி இல்லை என்று வாதாடினால் ஒப்புக்கொள்வீரா என்று நாகசேனர் கேட்கிறார். ஒப்புக்கொள்ள மாட்டேன், இந்தப் பழம் அந்தக் கொட்டையிலிருந்து வந்தது என்கிறான் அரசன். நிலையான ஆள் இல்லாவிட்டாலும் வினையின் தொடர் அறுவதில்லை. அன்று ஒரு மேஜையில் ஒருவர் எடுத்த முடிவு, யாருடைய கையெழுத்துகளைக் கடந்து வந்திருந்தாலும், பாலத்தின் நடுவே என் அம்மா உட்கார்ந்திருந்த வண்டியில் வந்து பழுக்கிறது. அந்தத் தொடரில் நடுவில் நின்று லாபம் வாங்கியவர்கள், பழம் என்னுடையதில்லை என்று சொல்ல முடியாது. வினை என்று தாம் சொல்வது எண்ணத்தையே என்றார் புத்தர். உலோகம் தேய்வதில் எண்ணம் எதுவும் இல்லை. உள்ளிருக்கும் பாகத்தைத் தனியாக விற்காதே என்று எழுதுவதில் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் இதை ஒருமுறை தெளிவாகவே சொன்னது. உதிரிப் பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்பின் மேல்முறையீடுகள் வந்தன. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் அமைத்த குழுவின் பட்டியலிலும் வாகனங்கள் இடம்பெற்றன. எனக்குத் தேவையான பாகம் இன்னும் தனியாக விற்பனைக்கு வரவில்லை.

புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் அந்த யூனிட்டைத் திறந்தார். அழுத்தம் தாங்கும் கலத்தின் அடியில் உலோகம் விரிசல் விட்டு எண்ணெய் கசிந்திருந்தது. "மத்ததெல்லாம் நல்லாருக்கு அண்ணே" என்றார். எஸ்டிமேட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான கூலியில் சரிசெய்து கொடுத்தார். அடுத்து எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று கேட்டதற்கு அவர் ஒரு கிலோமீட்டர் கணக்கைச் சொன்னார். நிறுவனத்தின் கையேட்டில் அந்தக் கணக்கு இல்லை.

இதை என் பற்றின் பிரச்சினை என்று பெரியவர் இன்னமும் சொல்லலாம். கோபம் பிடித்தவனையே சுடும் என்ற போதனையை நான் மறுக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதியபோது, கோபத்தில் வந்த வரிகளை அடித்துவிட்டு மீண்டும் எழுதினேன். மனுவில் பழுதுச் செலவைக் கேட்டிருக்கிறேன். அதோடு இன்னொன்றும்: அந்த யூனிட்டின் உள்பாகங்கள் எவை, அவற்றை எத்தனை வருடம் தனியாக விற்பார்கள், ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்பதை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். இரண்டாவதைக் கேட்டால் வழக்கு இழுக்கும், செலவை மட்டும் கேளுங்கள் என்கிறார் வக்கீல். இரண்டையும் கேட்டே மனு போட்டிருக்கிறேன்.